ஃபிளக்ஸில் நின்ற செவலை

ஆனிக் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வராது. முந்தின நாள் சாயங்காலம் வரை சும்மா நின்ற தென்னைகள் மறுநாள் காலையில் எல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும். குமுளி மலைமேல் மேகம் பிழியாத துணியாகத் தொங்கும். உத்தமபாளையம் கடைவீதியில் பெயர்ப்பலகைகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். அப்படி ஒரு காலையில்தான் அப்டேட்டும் வந்தது. நான் ஷட்டரைத் தூக்கி, ஊதுபத்தி கொளுத்தி, கணினியைத் திறந்தால், படங்களைத் தெளிவாக்கும் சாஃப்ட்வேர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, புதுச்சட்டை போட்ட மாப்பிள்ளையாக எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

எங்களுடையது சின்ன ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார். நான் உட்கார்ந்து அதைச் செப்பனிடுவேன், ஃபிளக்ஸுக்கு வடிவம் போடுவேன். உட்கார்ந்து என்று எழுதிவிட்டேனே தவிர, நான் உட்கார்ந்த நேரம் குறைவு. ஒரு முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போவேன். மலையில் வெயில் எந்த மடிப்பில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். திரும்பி வந்து இன்னொரு முகம். எதிர்த்த டீக்கடைக்காரர் என் நாற்காலியில் முள் இருக்கிறதா என்று வருஷக்கணக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறார். கால் கேட்பதில்லை, என்ன செய்ய. மனசும் அப்படித்தான்.

பழைய சாஃப்ட்வேர் ஒரு நல்ல மூக்குக்கண்ணாடி. மங்கலைக் கொஞ்சம் துலக்கும், அதோடு சரி. புதியதற்கு அந்த அடக்கம் கிடையாது. இருப்பதைத் துலக்கியது போக, இல்லாததையும் ஊகித்து வரைந்துவிடும். புருவம் மங்கியிருந்தால் தானே ஒரு புருவம் தீட்டும். வாய் லேசாகத் திறந்திருந்தால் உள்ளே பல்வரிசை வைக்கும். கறுப்பு என்றால் அதற்கு நிழல். நிழல் என்றால் அழுக்கு. கேட்காமலே வெளுத்துத் தரும். போதாதென்று தமிழ் வேறு பேசத் தொடங்கியிருந்தது. பட்டன்களில் எல்லாம் ‘மேம்படுத்துக’, ‘அகற்றுக’ என்று அரசாங்கத் தமிழ்.

முதல் சில நாட்கள் கடை திருவிழாவாக இருந்தது. ஓய்வு பெற்ற ஒருவர் வங்கிக்குக் கொடுக்க பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். வழுக்கையின் ஓரத்தில் இருந்த இரண்டு முடியைப் பார்த்துவிட்டு, சாஃப்ட்வேர் அங்கே ஒரு கிராப்பே நட்டுவிட்டது. மனிதர் படத்தைத் தூக்கிப் பிடித்து, இதை வைத்துப் பெண்ணே பார்க்கலாம் போலிருக்கே என்றார். கூட வந்த அவர் வீட்டம்மா பையிலிருந்து வெற்றிலையை எடுத்தபடி, “பாருங்க, பாருங்க. எவ வாரான்னு நானுந்தான் பாக்குறேன்” என்றார்.

காதணி விழா ஃபிளக்ஸ் ஒன்று வந்தது. இரண்டு வகையறாத் தாய்மாமன்கள், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. படங்களை இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை என்று பிரித்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாமே வாட்ஸ்அப்பில் வந்த மங்கல் படங்கள். சாஃப்ட்வேர் அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை, ஒரே பளபளப்பு வைத்து அனுப்பியது. வாசலில் கட்டிய பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அவர்களே பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதாகிவிட்டது. நின்ற இடத்தில் சிரிப்பும் வந்துவிட்டதாம். விழா வீட்டார் எனக்கு ஒரு டப்பா லட்டு கொடுத்தனுப்பினார்கள்.

இன்னொரு படம் நெஞ்சிலேயே நிற்கிறது. இறந்துபோன ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட வேண்டும். அவருடையது என்று இருந்தது ஒரே ஒரு படம், அடையாள அட்டைப் படம், உதடு இறுக மூடியது. சாஃப்ட்வேர் அந்த உதட்டோரத்தில் எதையோ கண்டு ஒரு சிரிப்பை எடுத்து வைத்துவிட்டது. நான் பதறிப்போய் மாற்றித் தருவதாகச் சொன்னேன். மகன்கள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூத்தவர் சொன்னார்: “எங்கய்யா சிரிச்சு நாங்க பாத்ததே இல்லக்கா. இருக்கட்டும். இப்பவாச்சும் சிரிச்சுட்டுப் போகட்டும்.”

மாவட்டத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அது நாள் முழுக்கக் கொதித்தது. போடிக்காரர் ஒருவர் மணப்பெண்ணின் மருதாணியை சாஃப்ட்வேர் கையுறையாக்கிவிட்டது என்று புலம்பினார். கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் சந்தைக்கு வந்த கிடாயின் படத்தைப் போட்டு, அதற்கு நடிகை மாதிரி இமைமுடி வந்திருப்பதைக் காட்டினார். கிடாய் அந்த இமையோடு எங்களையெல்லாம் அவ்வளவு பரிவாகப் பார்த்தது. அதற்கப்புறம் கறி தின்ன மனசு வரவில்லை என்று ஒருவர் எழுதினார். சாயங்காலமே குழம்புப் படத்தையும் அவரே போட்டார்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கோம்பையிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டார். செவலையைக் காணோம்.

செவலை அண்ணனுடைய கோம்பை நாய். செம்மண் நிறம், கருமூஞ்சி, ஓயாத கால். அவள் நின்று நான் பார்த்ததில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஒரு செந்நிறக் கோடு ஓடும், அதுதான் அவள். அண்ணனுக்கு மகள் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டில் பேச்சுத் துணை அவள்தான். மதினிக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு; என்னிடம் பேசாத பேச்செல்லாம் அங்கன நடக்குது என்பார். இப்போது செவலை நிறைசூலி. அவளை உத்தமபாளையத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, அப்படியே ராயப்பன்பட்டிப் பக்கம் கூட்டாளி தோட்டத்தில் மருந்தடிக்கிற மிஷினை வாங்கி வரலாம் என்று அண்ணன் வண்டியைத் திருப்பியிருக்கிறார். அங்கே கோயில் திருவிழா. வேட்டுச் சத்தம். வண்டியின் பின்னாலிருந்து ஒரே தாவு. பந்தலுக்குள் புகுந்தவள் புகுந்தவள்தான்.

“இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா தாயி” என்றார் அண்ணன். என்னைத் தாயி என்று அவர் கூப்பிடுவது அபூர்வம். “மழ வேற எறங்குது. எங்கன கெடக்காளோ.”

தலைச்சன் ஈற்று. ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே தோட்டங்கள் முடிந்தால் மலை. மலையில் நரி. ஆள் துணை இல்லாமல் அவள் குட்டி போட்டால் அவளும் மிஞ்சுவாளோ என்னவோ. ஃபிளக்ஸ் அடித்துக் கட்டிவிடுவோம், ஊர் பூராவும் கண்ணாக இருக்கும் என்றேன்.

படம் வேண்டுமே. அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் வயிற்றில் இருப்பதைப் படம் எடுக்க மாட்டோம். மாடானாலும் நாயானாலும் சரி, பந்தலில் தொங்குகிற திராட்சைக் கொத்தானாலும் சரி, வெட்டும் வரை கேமரா காட்டக் கூடாது. கண் பட்டுவிடும். ஸ்டுடியோக்காரருக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு, ஆனால் என் வளைகாப்புப் படம் எல்லாவற்றிலும் வயிற்றுக்கு நேராக யாராவது ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சூலாவதற்கு முன்னால் எடுக்கலாமென்றால் அவள் நின்றால்தானே; அதனால் செவலைக்குப் படமே இல்லை. கடைசியில் அண்ணன் மகள் லீவுக்கு வந்தபோது எடுத்த ஒரு செல்ஃபி அகப்பட்டது. முன்னால் அவள் முகம். பின்னால், பந்தல் கால்களுக்கு நடுவே, செம்மண்ணைக் கையில் அள்ளி வீசினாற்போல் ஒரு கலங்கல். அதற்கு நான்கு கால் இருப்பது ஊகம். தாழ்ந்து தொங்கும் வயிறு மட்டும் நிச்சயம்.

படத்தைக் கணினியில் ஏற்றும் முன்பே மதினி கூப்பிட்டார்.

“ஏத்தா, படம் போடு, வேணாங்கல. வயித்த மட்டும் போட்றாத. போறவாரவுக கண்ணு பூராம் அங்கனதான் விழும்.”

காணாமல் போனது வயிற்றோடுதானே போயிருக்கிறது, வயிறு இல்லாமல் போட்டால் எப்படி என்று கேட்டேன்.

“அவ வயித்துப்பிள்ளக்காரின்னு அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். கண்டவனுக்கு எதுக்குத் தெரியணும்?”

நானும் தாம்பாளத்துக்குப் பின்னால் நின்றவள்தானே. அண்ணனும் அதையே சொன்னார். சரி என்றுவிட்டேன்.

‘மேம்படுத்துக’ என்று அமுக்கினேன். கலங்கல் கூடியது. தயிர் உறைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் அப்படித்தான் இருக்கும். கால்கள் வந்தன, காது வந்தது, ஒவ்வொரு மயிரும் சீப்பு போட்டதுபோல் படிந்தது. ஓடிக்கொண்டிருந்தவள் நின்றாள். அப்புறம் ‘தேவையற்ற பொருளை அகற்றுக’ என்ற தூரிகையை எடுத்தேன். தேவையற்ற பொருள். கொஞ்சம் உறுத்தியது. வயிற்றின் மேல் மெல்லத் தடவினேன். வயிறு போய் அந்த இடத்தில் பந்தலின் பச்சை வந்து நிரம்பியது. தழும்பே தெரியவில்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த நான் மூஞ்சியைப் பார்க்கவில்லை. அந்தக் கருமூஞ்சியை சாஃப்ட்வேர் பாட்டுக்கு நிழல் என்று நினைத்துத் துடைத்து வெளுத்துவிட்டிருந்தது.

மதினிக்கு அனுப்பினேன். அவரும் முதலில் வயிற்றைத்தான் தேடியிருக்கிறார். இல்லை என்றதும் திருப்தி. கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

‘காணவில்லை’ என்று பெரிதாகப் போட்டு, கீழே அண்ணன் நம்பரும் கடை நம்பரும். அடித்து வந்ததும் வீட்டுக்காரர் தரையில் விரித்துக் கத்தியால் பிறை பிறையாக வெட்டினார். எங்கள் பக்கத்துக் காற்றுக்கு அப்படி வழிவிடாவிட்டால் ஃபிளக்ஸ் ஒரு நாள் தாங்காது. நாயின் மேல் கத்தி படாமல் சுற்றிலும் வெட்டினார். ராயப்பன்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கிலும் தோட்டப் பாதைகள் பிரிகிற இடங்களிலும் கட்டினோம்.

அண்ணன் அப்போதுதான் அதைப் பார்த்தார். பைக்கை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். காற்று பிறைகளைத் திறந்து திறந்து மூடியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஆளு நல்லாத்தான் இருக்கா” என்றார். “கூப்பிட்டா வருவாளான்னுதான் தெரியல.”

எனக்குச் சுருக்கென்றது. மாற்றி அடிக்கலாமா என்று கேட்டதற்கு, நம்பர் சரியாக இருக்கிறதல்லவா, அது போதும் என்றுவிட்டுக் கிளம்பினார். பைக்கின் முன்னால் செவலையின் சோற்றுச்சட்டி தொங்கியது, பழைய ஈயச்சட்டி. பாதைக்குப் பாதை நிறுத்தி அதைக் கரண்டியால் தட்டுவார். டங் டங் டங். அவள் எந்தப் பந்தலுக்குள் இருந்தாலும் அதற்கு வந்துவிடுவாள். அந்தச் சத்தம் தோட்டங்களுக்குள் போவதையும் வெறுமனே திரும்பி வருவதையும் அன்று விலக்கில் நின்று கேட்டேன்.

ஃபிளக்ஸ் வேலை செய்தது. அது சொன்ன நாயை ஊர் தேடிக் கொண்டுவந்தது. ஒருவர் ஷேர் ஆட்டோவில் ஒரு பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இது அது இல்லையே என்றால், கலர் ஒத்துப்போகிறதே என்று எங்களோடு வாதாடினார். ஒல்லியாக, பளபளப்பாக, மூஞ்சி வெளுத்த நாய்கள் பள்ளத்தாக்கில் இவ்வளவு இருப்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. குமுளியிலிருந்து ஒரு ஹோட்டல்காரர், “சேச்சி, நிங்கட நாய் இங்கன எங்க வாசல்லதான் நிக்குது, பிரியாணி மாத்திரம்தான் திங்குது” என்றார். செவலை கம்மஞ்சோற்றைத் தவிர எதையும் மோந்துகூடப் பார்க்க மாட்டாள் என்று அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் கடை வாசலில் வண்டியை விட்டு இறங்காமல், இல்லை என்று கையை மட்டும் அசைத்தார். தாடியில் மழை.

அதற்கு மறுநாள், புதுநன்மைப் படம் வாங்கிப்போன ராயப்பன்பட்டிப் பெண் ஒருத்தி கடைக்குத் திரும்பி வந்தாள். சின்ன வயசு, திராட்சைத் தோட்டத்து வேலை, நனைந்த சேலைத் தலைப்புக்குள் படச்சட்டம். மகள் முதல் நற்கருணை வாங்கிய நாளில் வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக வீட்டுக்காரர் எடுத்த படம். புது சாஃப்ட்வேரில் போட்டு, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். எனக்கே பிடித்த வேலை அது. அவள் சட்டத்தை மேசைமேல் வைத்தாள்.

“அக்கா, இது எம்பிள்ள இல்ல.”

கவுன் அவளுடையதுதான், பூமுடியும்தான். என்ன குறை என்று கேட்டேன்.

“பல்லு இருக்கு.”

பல் இருப்பது ஒரு குறையா என்று வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

“அவளுக்கு முன்பல்லு ரெண்டும் அந்த வாரந்தாண்ணே விழுந்துச்சு” என்றாள் அவள். “நற்கருண அப்பம் அந்த ஓட்டையில போயி ஒட்டிக்கிருச்சு. நாக்க வச்சுத் துழாவுறா, துழாவுறா, வரல. கோயிலே சிரிச்சுச்சு. சாமியாரும் சிரிச்சாக. அந்த ஓட்டைக்குத்தானக்கா நான் சட்டம் போட்டு மாட்டுறேன்.”

இத்தனை நாளில் பழையது வேண்டும் என்று வந்து நின்றவள் இவள் ஒருத்திதான். எனக்கு ஏனோ அவளைப் பிடித்துப்போயிற்று. உட்கார வைத்து, பழையது எங்கேயும் போய்விடாது என்று காட்டினேன். அந்தப் புது சாஃப்ட்வேரில் அது ஒரு நல்ல குணம். படத்தின் மேல் மவுஸை அமுக்கிப் பிடித்தால் முதலில் இருந்த படம் தெரியும். விட்டால் புதியது வந்துவிடும். அவள் அமுக்கினாள். மகளின் வாயில் ஓட்டை திறந்தது. விட்டாள், பல் முளைத்தது. அமுக்கினாள், ஓட்டை. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அமுக்குவதும் விடுவதுமாக, மகளை எதிரில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டுவதுபோல் இருந்தாள். ஓட்டையோடு அடித்துத் தருகிறேன் என்றேன்.

நான் அதற்கு ஏற்பாடு செய்யும் வரை அவள் கண் கடையைச் சுற்றியது. சுவரோரம் மீதிப்பட்ட ஒரு ஃபிளக்ஸ் பாதி சுருள் விரிந்து கிடந்தது.

“அந்த நாயி கெடச்சிருச்சாக்கா?” என்று கேட்டாள். “எங்க விலக்குல கட்டியிருக்கீகல்ல. பாக்கையிலெல்லாம் பாவமா இருக்கும். தொலஞ்சதத் தேடிக் குடுக்குறவரு அந்தோணியாருதானே. அவரு கெபியில தெனமும் அதுக்குன்னு ஒரு மெழுகுதிரி ஏத்திக்கிட்டு வாரேன்.”

யார் வீட்டு நாய்க்கோ இவள் மெழுகுதிரி ஏற்றுகிறாள். இன்னும் இல்லை, நிறைசூலி, அதுதான் அண்ணன் தவித்துப்போய்த் திரிகிறார் என்றேன். சூலியா என்று அவள் ஃபிளக்ஸைத் திரும்பிப் பார்த்தாள். சூலிக்கு வயிறு எங்கே என்று கேட்கிற பார்வை. விளக்குவதைவிடக் காட்டுவது சுலபமாக இருந்தது. செவலையின் படத்தைத் திரையில் எடுத்து வைத்தேன். கற்றுக்கொண்ட புதுப்பழக்கத்தில் அவளே மவுஸை அமுக்கினாள்.

ஃபிளக்ஸ் நாய் கலைந்தது. அந்த இடத்தில் கலங்கலாக, கருமூஞ்சியாக, வயிறு தாழ ஒருத்தி ஓடினாள்.

அவள் விடவில்லை. அமுக்கிய விரலை எடுக்காமல் குனிந்து பார்த்தாள்.

“அக்கா” என்றாள் மெதுவாக. “இது எங்க தொழுவத்துல படுத்திருக்கு.”

கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். அவள் சொல்லச் சொல்ல எங்களுக்கு விளங்கியது. திருவிழா முடிந்த மறுநாள் காலையில் சேறு அப்பிய ஒரு நாய் தொழுவத்துத் தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கிடந்திருக்கிறது. பிறகு விலக்கில் ஃபிளக்ஸைப் பார்த்ததும் இவளுக்கும் சந்தேகம் வந்து புருஷனைக் கேட்டிருக்கிறாள். அவர் போய் இரண்டையும் பார்த்துவிட்டு, விலக்கில் இருப்பது ஏசி வீட்டு நாய், இது மலையிலிருந்து இறங்கினது, அது ஒல்லி, இது பானைவயிறு, மூஞ்சியும் வேறே என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் என்ன தப்பு.

“இதுக்கு வீட்டுல கஞ்சி ஊத்திட்டுப் போயி, அதுக்குக் கெபியில மெழுகுதிரி ஏத்தியிருக்கேன்” என்றாள் அவள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை மீறிச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. எதிர்த்த டீக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று கிளாஸைக் கழுவாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வந்து சேர்வதற்குள் நான் வாசலுக்கும் மேசைக்குமாக எத்தனை நடை நடந்தேன் என்று டீக்கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். மதினியும் பின்னால் உட்கார்ந்து வந்தார். எல்லாரும் கிளம்பினோம். சாரல் முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் பந்தல்கள், பந்தலுக்கடியில் பச்சை இருட்டு, கொத்துக் கொத்தாகப் படம் எடுக்கக் கூடாத திராட்சை. விலக்கில் ஃபிளக்ஸ் நாய் எங்களைப் பார்த்தும் பார்க்காமலும் நின்றது.

தொழுவம் தோட்டத்தின் கடைசியில். கூரையில் ஒரு பக்கம் தகரம் பறந்துபோய், அங்கே சாரல் உள்ளே விழுந்தது. அந்தப் பெண் முன்னால் போய்க் கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். அண்ணன் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று சட்டியைத் தட்டினார். கரண்டிகூட இல்லை, விரலால். டங். டங்.

தொட்டிக்குப் பின்னால் தரையில் வால் அடிபடும் சத்தம் கேட்டது. அதே தாளம். டப். டப்.

எழுந்து வரவில்லை அவள். எழ முடியாதபடி மடியில் குட்டிகள். எலிக்குஞ்சு நிறத்தில், கண் திறக்காமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டு, அத்தனையும் கருமூஞ்சி. நேற்று மத்தியானம் போட்டதாம்; சாக்கு விரித்து, வெந்நீர் வைத்து, அந்தப் பெண் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அண்ணன் மண்டியிட்டார். செவலை அவருடைய தாடி மழையை நக்கினாள். செவலையோடு அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குட்டிகளை விரல் விட்டு எண்ணப்போன என் கையைத் தட்டிவிட்டார்.

அந்தப் பெண்ணின் புருஷன் சாணிக்கூடையோடு வந்தவர் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் செவலையைத் தலை சாய்த்துப் பார்த்தார். சேறு போய்விட்டது, வயிறும் போய்விட்டது. ஒட்டிய வயிறும் நக்கி நக்கிப் பளபளத்த மேலுமாகப் படுத்திருந்தாள்.

“இப்பத்தாங்க பிளக்ஸு மாதிரி இருக்கு” என்றார்.

மதினி என்னைப் பார்த்தார், நான் மதினியைப் பார்த்தேன். அண்ணன் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பினால் சிரிப்பு. காணாமல் போன நாளிலிருந்து உள்ளே அடைத்துவைத்த சிரிப்பெல்லாம் தொழுவம் முழுக்கக் கொட்டியது. மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. அந்த வீட்டுச் சிறுமி பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்று, எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். வாயில் அந்த ஓட்டை. நேரில் அது படத்தைவிட நன்றாக இருந்தது. ஈறில் வெள்ளையாக அரிசிமுனை போல் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டம் போட்ட படத்தைச் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கண் திறக்காத குட்டிகளை இடம் மாற்றக் கூடாது. அதுவரை செவலை இங்கேயே இருக்கட்டும், கண் திறந்ததும் பிள்ளைக்குப் பிடித்த குட்டியை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று அண்ணன் சொன்னார். ஆனால் கூரை ஒழுகியது. வீட்டுக்காரர் விலக்குக்குப் போய் ஃபிளக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்தார். இனி அதற்கு அங்கே வேலை இல்லை. எந்தப் பக்கத்தை வெளியே வைக்க என்று அவர் கேட்க, மதினி யோசிக்கவே இல்லை.

“படத்த உள்ள பாத்தாப்புல கட்டுங்க, தம்பி. மேல ஊர்க்கண்ணு எதுக்கு?”

வயிறே இல்லாத படத்துக்கு என்ன கண் படும் என்று நான் கேட்கவில்லை. ஆண்கள் ஏறி இழுத்துக் கட்டினார்கள். சாரல் நின்றது. மேகம் கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். பிறை வெட்டுகள் வழியாக வெளிச்சம் துண்டு துண்டாக இறங்கிக் குட்டிகளின்மேல் அசைந்தது. காற்று அடிக்க அடிக்க அந்தச் சின்னப் பிறைகள் ஒரு குட்டியிலிருந்து இன்னொரு குட்டிக்குத் தாவின.

செவலை தலையைத் தூக்கினாள். தனக்கு நேர் மேலே, கால்களை ஊன்றி, மூஞ்சி வெளுத்து, அசையாமல் நிற்கிற அந்த நாயைப் பார்த்தாள். காது விறைத்தது. பல்லைக் காட்டி, குட்டிகள் அதிர அதிர, அடிவயிற்றிலிருந்து உறுமினாள்.

“ஏ விடு ஆத்தா” என்றார் அண்ணன் அவள் காதுக்குள். “அவ யாரோ எவளோ.”